பம்பை அவிழ்ப்பதற்கு முன்

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களிடமிருந்து டீசல் பம்ப் டைமிங், அதாவது எஞ்சினுக்குள் டீசலை எந்தக் கணத்தில் தெளிப்பது என்பது பற்றித் தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பம்பைக் கழற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, திரும்பவும் எஞ்சினில் மாட்டி டைமிங் வைப்பதுதான் என் தொழிலாக இருந்தது. நான் இங்கே சொல்வது இயந்திரப் பம்ப் உள்ள வண்டிகளுக்கு மட்டும். காமன் ரயில் என்ற மின்னணு முறை வந்த பிறகு டீசல் எப்போது தெளிக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது, அங்கே இந்த வேலையே கிடையாது.

கேள்வி: டைமிங் பெல்ட் மாற்றியதிலிருந்து என் வண்டி காலையில் வெள்ளைப் புகை விடுகிறது, இழுவையும் குறைந்துவிட்டது. எஞ்சினை ஓடவிட்டு, பம்ப் போல்ட்டைத் தளர்த்தி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

வேண்டாம். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். ஓடுகிற எஞ்சினில் பம்பைத் திருப்பினால் பெல்ட்டின் இழுப்பு மாறும், இரும்புக் குழாய்கள் முறுக்கப்பட்டு நட்டின் அடியில் விரிசல் விடும். அது மட்டும் இல்லை, காது இந்த வேலையில் எப்போதும் ஒரே பக்கம்தான் தவறு செய்யும். அது ஏன் என்று சொல்கிறேன்.

நாசிலில் இருந்து தெளித்த டீசல் அந்தக் கணமே பற்றிக்கொள்வதில்லை. சூடான காற்றில் ஆவியாகி, கலந்து, தீப்பிடிக்க ஒரு மில்லி செகண்ட் அளவுக்கு நேரம் எடுக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் அந்த ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 4.8 டிகிரி திரும்புகிறது. 3000 சுற்றில் 18 டிகிரி. இந்தத் தாமதத்தைக் கணக்கில் வைத்துத்தான் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே டீசலை உள்ளே விடுகிறோம். அளவுக்கு மீறி முன்னால் விட்டால் காற்று இன்னும் போதுமான அளவு அமுங்கிச் சூடாகியிருக்காது. தாமதம் நீளும், அதற்குள் டீசல் நிறையச் சேர்ந்துவிடும், பிறகு அத்தனையும் ஒரே நேரத்தில் எரியும். அதுதான் கடகடவென்ற அந்த அடி. பம்பை அட்வான்ஸ் பக்கம், அதாவது டீசலை இன்னும் முன்னால் விடும் பக்கம், திருப்பத் திருப்ப இந்தச் சத்தம் கூர்மையாகும், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் எஞ்சின் துள்ளுகிற மாதிரி இருக்கும். நிற்கிற வண்டியில் அதைக் கேட்பவர் 'இப்போதுதான் பிக்கப் வந்திருக்கிறது' என்று அங்கேயே போல்ட்டை இறுக்கிவிடுவார். அதற்கான விலையை ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டன் ரிங்கும் பெரிய முனை பேரிங்கும் பிற்பாடு கொடுக்கும். ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிக்கக் காது நல்ல கருவி. எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை அது சொல்லாது.

உங்கள் வண்டிக்கு வருவோம். வெள்ளைப் புகை என்பது எரியாமல் வெளியேறும் டீசல். டைமிங் பின்தங்கினால் அது வரும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் வரும், டீசல் லைனில் காற்று புகுந்தாலும் வரும், கம்ப்ரஷன் குறைந்தாலும் வரும். ஹீட்டர் பிளக் ஒவ்வொன்றையும் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும். பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நிறமற்ற பிளாஸ்டிக் குழாயைப் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடினால் காற்று எங்கேயோ புகுகிறது. இரண்டும் சரியாக இருந்தால், பெல்ட் மாற்றிய பிறகு வந்த தொல்லை என்பதால் எனக்கு ஒரு பல் தவறியிருக்குமோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும்.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்று சுற்றும். பம்ப் புல்லியில் 40 பல் இருந்தால் ஒரு பல் என்பது பம்பில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. இது மிகப் பெரிய தவறு. பம்பின் போல்ட் உட்காரும் நீள்துளைக்குள் திருப்பி இதை ஈடுகட்டப் பார்ப்பது வீண். பம்பை நீள்துளையின் கடைசி வரை தள்ளினால்தான் வண்டி ஓடுகிறது என்று யாராவது சொன்னால், பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். கிராங்க், கேம், பம்ப் மூன்றின் அடையாளங்களும் ஒரே நேரத்தில் பொருந்துகின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பியூஜோவின் எக்ஸ்யூடி எஞ்சின் போன்றவற்றில் ஃப்ளைவீலுக்கும் கேம் புல்லிக்கும் பம்ப் புல்லிக்கும் பின் அல்லது போல்ட் செருகிப் பூட்டத் துளைகளே உண்டு. அவற்றைப் பயன்படுத்தாமல் சாக்பீஸ் கோட்டை நம்பி மாட்டுவதால்தான் பாதித் தொல்லைகள்.

கேள்வி: பாஷ் விஇ பம்ப் உள்ள நாலு சிலிண்டர் வண்டி. டயல் கேஜ் வாங்கிவிட்டேன். முறையை ஒவ்வொன்றாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன், ஆனால் உங்கள் எஞ்சின் குறியீட்டு எண்ணுக்கு உரிய மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைப் பம்புகளில் அளவு, அதாவது டீசலைத் தள்ளும் பிளஞ்சர் என்ற தண்டு எழும்பியிருக்கும் உயரம், பெரும்பாலும் 0.7 முதல் 1 மில்லிமீட்டர் வரை எங்காவது இருக்கும். ஒரே கம்பெனியின் ஒரே காரில் டர்போ உள்ளதற்கு ஒன்று, இல்லாததற்கு இன்னொன்று என்று மாறும். சில எஞ்சின்களில் டிடிசியில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையில்) அளக்கச் சொல்வார்கள், சிலவற்றில் அதிலிருந்து சில டிகிரி தள்ளி அளக்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக் காருக்கு வைத்த எண் உங்கள் காருக்கு ஆகாது.

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கட்டும். பெல்ட்டின் இழுப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அது மாறினால் பின்னால் வைத்த டைமிங்கும் மாறும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கம்ப்ரஷன் தடுக்காது, கிராங்கைக் கையால் நிதானமாகத் திருப்பலாம். திருப்புவது எப்போதும் கிராங்க் போல்ட்டைப் பிடித்து. கேம் போல்ட்டைப் பிடித்துத் திருப்பக் கூடாது.

இப்போது பலரும் கோட்டைவிடும் இடம். பம்பின் பக்கவாட்டில் கோல்டு ஸ்டார்ட் லீவர் ஒன்று இருக்கும். சில வண்டிகளில் அதை டாஷ்போர்டில் இருந்து கேபிளால் இழுப்போம். சிலவற்றில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு நிரப்பிய ஒரு சிறு குப்பி தானாகவே அதை இழுத்துப் பிடித்திருக்கும். இழுத்த நிலையில் பம்ப் உள்ளே சில டிகிரி அட்வான்ஸ் ஆகியிருக்கும். அப்படியே அளந்து டைமிங் வைத்தால், சூடேறி லீவர் திரும்பிய பிறகு வண்டி அத்தனை டிகிரி பின்தங்கி ஓடும். ஆகவே லீவரை ஓய்வு நிலைக்குக் கொண்டுவந்து, அது அங்கேயே நிற்கும்படி செய்துவிட்டுத்தான் கேஜைத் தொட வேண்டும்.

பம்பின் பின்புறம் நாலு இரும்புக் குழாய்களுக்கு நடுவில் ஒரு பிளக் இருக்கிறது. சுற்றியுள்ள அழுக்கை டீசலும் பிரஷ்ஷும் வைத்து நன்றாகக் கழுவிவிட்டு அதைக் கழற்றுங்கள். கொஞ்சம் டீசல் வழியும், கீழே துணி போடுங்கள். அந்தத் துளையில் அடாப்டரைத் திருகி, டயல் கேஜின் கம்பி உள்ளே பிளஞ்சரின் முனையைத் தொடும்படி, ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் அமுங்கிய நிலையில் நிறுத்துங்கள். எஞ்சின் சுற்றும் திசைக்கு எதிராகக் கிராங்கை மெதுவாகத் திருப்புங்கள். முள் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். அங்கே பிளஞ்சர் அடிமட்டத்தில் இருக்கிறது. அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, கிராங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிறிது அசைத்துப் பாருங்கள். முள் அசையாமல் இருந்தால்தான் அது உண்மையான பூஜ்யம்.

அப்புறம் சரியான திசையில் திருப்பி டிடிசி அடையாளத்துக்கு வாருங்கள். தாண்டிவிட்டால் அப்படியே ஒரு நூல் பின்னால் இழுத்து நிறுத்தாதீர்கள், பெல்ட்டின் தளர்ச்சி அளவில் கலந்துவிடும். நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வந்து நிறுத்துங்கள். இப்போது முள் காட்டுவதுதான் உங்கள் வண்டியின் டைமிங். அந்த எண்ணை எழுதிவையுங்கள். ஒரு போல்ட்டைக்கூட இன்னும் தளர்த்தவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த எண் மேனுவல் சொல்லும் எல்லைக்குள் இருந்தால் பிளக்கை மாட்டிவிட்டுத் தொல்லையை வேறு இடத்தில் தேடுங்கள்.

எண் எல்லைக்கு வெளியே இருந்தால்தான் ஸ்பேனர். மேனுவல் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் டிடிசிக்கு வரும்போது பிளஞ்சர் போதுமான அளவு எழும்பவில்லை, அதாவது ரிட்டார்ட், டைமிங் பின்தங்கியிருக்கிறது. அதிகமாக இருந்தால் அட்வான்ஸ். பம்பின் உடலிலும் அது உட்காரும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு கீறிக்கொள்ளுங்கள், ஏதாவது குழப்பம் வந்தால் பழைய இடத்துக்குத் திரும்ப அது உதவும். குழாய் நட்டுகளைப் பம்ப் பக்கம் தளர்த்துங்கள். அப்போது கீழே இருக்கும் டெலிவரி வால்வ் ஹோல்டர் கூடவே திரும்பாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடிக்க வேண்டும். பிறகு பம்பின் போல்ட்டுகள், பின்பக்கத் தாங்கியில் இருப்பதையும் மறக்க வேண்டாம். பம்பின் ஷாஃப்ட் எந்தத் திசையில் சுற்றுகிறதோ அதற்கு எதிராக உடலைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிட்டார்ட். இந்த விதி எந்தப் பம்புக்கும் பொருந்தும்.

கேஜில் சரியான எண் வந்ததும் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். இறுக்கும்போது பம்ப் நிச்சயம் கொஞ்சம் நகரும். அதனால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, ஆரம்பத்திலிருந்து மறுபடி அளக்க வேண்டும். மேனுவல் 0.02 மில்லிமீட்டர் விலக்கம் என்று கொடுத்திருந்தால் அது அலங்காரத்துக்கு எழுதியது இல்லை. திருப்தியாகும்வரை செய்யுங்கள். கடைசியில் பிளக்குக்குப் புதுச் செம்பு வாஷர், குழாய்களில் ஏர் எடுத்தல், அவ்வளவுதான்.

கேள்வி: கேஜில் அளவு மிகச் சரியாக வருகிறது. ஆனால் எஞ்சின் பற்றவே இல்லை. எப்படி?

விஇ பம்பின் பிளஞ்சர் ஒரு சுற்றில் நாலு முறை எழும்பும், சிலிண்டருக்கு ஒன்று. நாலு எழும்பலும் கேஜுக்கு ஒன்றுதான். முதல் சிலிண்டருக்குப் போக வேண்டிய டீசல் வேறொரு சிலிண்டருக்குப் போனாலும் முள் அதே எண்ணைத்தான் காட்டும். டிடிசி அடையாளம் இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை வரும், அதில் ஒன்று கம்ப்ரஷன், மற்றது எக்ஸாஸ்ட். கேம் அடையாளத்தைப் பார்க்காமல் பெல்ட் மாட்டினால் இப்படி நேரும். முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் டிடிசியில், பம்ப் புல்லியின் அடையாளமும் தன் இடத்தில் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்த பிறகு கேஜை எடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஓஎம் 617 எஞ்சின் உள்ள மெர்சிடிஸ். அதில் டயல் கேஜ் வேண்டாம், சொட்டு எண்ணினால் போதும் என்கிறார்களே?

உண்மைதான், எனக்கு மிகவும் பிடித்த முறையும் அதுதான். உங்களுடையது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பிளஞ்சர் உள்ள வரிசைப் பம்ப். பிளஞ்சர் மேலே ஏறி, டீசல் நுழையும் துளையை மூடும் அந்த நொடியில்தான் டெலிவரி தொடங்குகிறது. அந்த நொடியைக் கண்ணால் பார்க்க வைப்பதே சொட்டு முறை.

முதல் சிலிண்டரின் குழாயைக் கழற்றி, டெலிவரி வால்வையும் அதன் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்துவிட்டு, ஹோல்டரை மறுபடி போட்டு அதன் மேல் வளைந்த சிறு குழாயை மாட்ட வேண்டும். பம்பின் ஆக்ஸிலரேட்டர் லீவர் முழு டெலிவரி நிலையில் இருக்கட்டும். கைப் பம்பை அடித்துக்கொண்டே, முதல் சிலிண்டரின் கம்ப்ரஷனை நோக்கி, கிராங்கைச் சரியான திசையில் திருப்புங்கள். முதலில் டீசல் கொட்டும், பிறகு மெலியும், பிறகு சொட்டாகும். நொடிக்கு ஒரு சொட்டு வரும் இடத்தில் நிறுத்தி, கிராங்கின் முன்பக்கம் இருக்கும் டேம்பர் சக்கரத்தில் உள்ள அளவைப் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு டிடிசிக்கு 24 டிகிரி முன்னால் இருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். வால்வை வெளியே எடுத்து வைத்திருக்கும் நேரத்தில் ஒரு தூசி உள்ளே போனால் பம்பே பாழாகும், எனவே காற்றடிக்கும் திறந்த வெளியில் இதைச் செய்யாதீர்கள். ஹோல்டரை மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் விசையில்) மட்டும் இறுக்குங்கள், கை அளவு இங்கே போதாது.

இன்னொன்று, இந்த எஞ்சினில் பம்பைச் சுற்றுவது செயின். நிறைய ஓடிய வண்டியில் செயின் நீண்டு, பம்பும் கேமும் சேர்ந்தே பின்தங்கும். பம்பை மட்டும் திருப்பி 24 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால் கேமின் தாமதம் அப்படியே இருக்கும். செயினின் நிலையை முதலில் அளந்துவிடுங்கள்.

கேள்வி: டைமிங் சரியாக வைத்த பிறகும் ஒரு தட்டல் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ரிட்டார்ட் செய்தால் போகுமா?

தட்டல் எல்லாச் சிலிண்டரிலும் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா? எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசிலின் குழாய் நட்டையும் ஒரு துணியைச் சுற்றிச் சிறிது தளர்த்தி, திரும்ப இறுக்குங்கள். ஏதாவது ஒன்றைத் தளர்த்தும்போது தட்டல் நின்றுவிட்டால் கோளாறு அந்த நாசிலில். முன் அறை உள்ள பழைய எஞ்சின்களின் நாசில்கள் ஏறக்குறைய 115 முதல் 160 பார் அழுத்தத்தில் திறக்கும்படி செட் செய்யப்பட்டவை. ஸ்பிரிங் தளர்ந்தால் சீக்கிரமே திறந்து, அந்தச் சிலிண்டர் மட்டும் அட்வான்ஸ் ஆனது போல அடிக்கும். ஒரு நாசிலுக்காகப் பம்பை ரிட்டார்ட் செய்தால் மற்ற மூன்று சிலிண்டர்களையும் கெடுக்கிறீர்கள். நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் போட்டுப் பாருங்கள்.

இந்தச் சோதனையில் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பீய்ச்சும் டீசலின் வழியில் விரலைக் கொண்டுபோகவே கூடாது. அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் காயம் தெரியும். வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரலாம்.

கேள்வி: மேனுவல் அளவைவிட இரண்டு டிகிரி முன்னால் வைத்தால் மைலேஜ் கூடும் என்கிறார்கள். முயன்று பார்க்கலாமா?

அப்படிக் கூடியதாகச் சொல்பவர்களின் வண்டி முன்பே பின்தங்கி இருந்திருக்கும். ரிட்டார்ட் ஆன வண்டியைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தால் மைலேஜும் இழுவையும் திரும்பும், சைலன்சர் வழியே வீணாகப் போன சூடு குறையும். அதைத் தாண்டி முன்னால் போனால், பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் உச்சத்தை நெருங்கி அதைக் கீழே தள்ளும். நான் இதை யாருக்கும் செய்துகொடுத்ததில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன்.

டைமிங் அளவு சரியாக இருந்தும் வேகத்தில் மட்டும் இழுவை இல்லை என்றால் வேறு காரணம் பாருங்கள். விஇ பம்புக்குள் சுழலும் தகடுகள் கொண்ட ஒரு சிறு வேன் பம்ப் இருக்கிறது. வேகம் கூடக்கூட அதன் அழுத்தம் கூடி, ஒரு பிஸ்டனைத் தள்ளி, டைமிங்கைத் தானாக முன்னால் நகர்த்தும். அது தேய்ந்தால் நிற்கிற வண்டியில் கேஜ் சரியாகவே காட்டும், ஓடும்போது அட்வான்ஸ் வராது. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே மாதிரி ஆகலாம், முதலில் அதை மாற்றுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் பம்ப் டெஸ்ட் பெஞ்சுக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: பம்பைத் திருப்பி டைமிங் வைத்த மறுநாளே டீசல் கசிகிறது. திருப்பியதால் உடைந்துவிட்டதா?

உடைந்திருக்காது. கசிவு எங்கிருந்து என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். நடுப் பிளக்கில் இருந்து என்றால் பழைய வாஷரையே போட்டிருப்பார்கள், புதிதாக மாற்றினால் நின்றுவிடும். குழாய் நட்டில் இருந்து என்றால் குழாய் கோணலாக உட்கார்ந்திருக்கும், தளர்த்தி நேராக்கி மறுபடி இறுக்குங்கள். பின்பக்கத் தலையும் பம்பின் உடலும் சேரும் இடத்தில் கசிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வயதாகி இறுகியிருக்கிறது, அசைத்ததில் பிடி விட்டுவிட்டது. அந்தத் தலையை வண்டியில் வைத்தே கழற்றப் பார்க்காதீர்கள். உள்ளே பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் ஷிம் எனும் மெல்லிய அளவுத் தகடுகளும் அதை நம்பித்தான் நிற்கின்றன, ஒன்று நழுவினாலும் திரும்ப அடுக்குவது கடினம். பம்பைக் கழற்றிக் கொடுத்து சீல் செட் மாற்றுங்கள். திரும்பி வந்ததும் முன்பு கீறிய கோட்டுக்கு நேராக மாட்டலாம், ஆனால் ஷிம் மாறியிருந்தால் அந்தக் கோடு செல்லாது. கேஜை வைத்து மறுபடி அளந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.